நெருப்புப் பல்லியும் மூடிய பொட்டலமும்



ஒரு பொம்மைப் பிராணியின் மீது நம் சமூகத்தில் கால் நூற்றாண்டாக வழக்கொன்று நடந்து வருகிறது. செம்மஞ்சள் உடலும் இறக்கைகளும் கொண்டு, வாயிலிருந்து நெருப்பை உமிழும் அந்தப் பிராணியின் பெயர் சாரிசார்ட். போக்கிமான் என்னும் ஜப்பானிய வீடியோ விளையாட்டில் பிள்ளைகள் பிடித்துச் சேகரிக்கும் பிராணிகளின் பட்டியலில் அதற்கு 6ஆம் எண். அந்த விளையாட்டின் பெயர்களில் யூதச் சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது, அதன் உருமாற்றம் டார்வினின் கொள்கையைப் புகுத்துகிறது, அதை நேசிக்கும் பிள்ளையின் ஈமான் பறிபோகும் என்பவை குற்றச்சாட்டுகள். கோடை விடுமுறை வந்தால் போதும். எங்கள் கொட்டிவாக்கத்து வாட்ஸப் குழுக்களிலும் இந்தச் செய்தி, 'பெற்றோர்களே உஷார்' என்ற தலைப்போடு மறுபடியும் வலம் வரத் தொடங்கிவிடுகிறது.

இவ்வழக்கில் நிரபராதி கூண்டில் நிற்கிறான். குற்றவாளியோ நம் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கிறான். இதை எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். போக்கிமான் என்பது 'பாக்கெட் மான்ஸ்டர்ஸ்' என்னும் இரு ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். சட்டைப்பையில் அடங்கும் விநோதப் பிராணிகள் என்பது பொருள். 'நான் யூதன்' என்று அதற்குப் பொருள் கற்பித்தவர் எவரோ, அவர் ஜப்பானிய மொழியை அறிந்தவர் அல்லர். பிக்காச்சு என்னும் பெயரில் 'பிக்கா' மின்னலின் பளிச்சிடலையும், 'ச்சு' எலியின் கீச்சொலியையும் குறிப்பவை. சாரிசார்டின் குட்டிப் பருவமான சார்மாண்டருக்கு ஜப்பானில் 'ஹிட்டோகாகே' என்று பெயர். 'ஹி' என்றால் நெருப்பு. 'தோகாகே' என்றால் பல்லி. நெருப்புப் பல்லி! மறைபொருள் தேடியவர்கள் இந்த வெளிப்பொருளைத் தேடியிருந்தால் அரைமணி நேரத்தில் உண்மை விளங்கியிருக்கும்.

அடுத்தது பரிணாமம். சார்மாண்டர் 16ஆம் நிலையில் சார்மீலியனாகவும், 36ஆம் நிலையில் சாரிசார்டாகவும் மாறுகிறது. விளையாட்டில் இதற்குப் 'பரிணாமம்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்பது மெய்யே. ஆயினும் டார்வின் பேசியது எண்ணற்ற தலைமுறைகளில் இனங்கள் மாறுவதைப் பற்றி; இங்கே நிகழ்வதோ ஒரே உயிர் தன் வாழ்நாளில் உருமாறுவது. புழு கூடு கட்டிப் பட்டாம்பூச்சியாவதையும், தலைப்பிரட்டை தவளையாவதையும் இது ஒத்திருக்கிறது. இவ்விளையாட்டை உருவாக்கிய சடோஷி தஜிரி சிறு வயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்பம் கொண்டிருந்தவர். அந்த அனுபவமே 1996 பிப்ரவரியில் ஜப்பானில் விளையாட்டாக வெளிவந்தது. பட்டாம்பூச்சியைக் கண்டு படைத்தவனை நினைக்கும் பிள்ளையின் ஈமானை இந்த உருமாற்றம் எப்படிப் பறிக்கும்?

இறக்கை முளைத்த, இல்லாத பிராணியைப் பிள்ளைகள் கற்பனை செய்யலாமா என்று கேட்போரும் உளர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே துணியால் செய்த இரு இறக்கைகளுடன் ஒரு குதிரை இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வினவியபோது, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்தனவே என்று அன்னையவர்கள் மறுமொழி கூறினார்கள். அது கேட்டு நபிகளார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் (4932) பதிவாகியுள்ளது. அண்ணலார் சிரித்து மகிழ்ந்த இடத்தில் நாம் முகம் சுளித்து நிற்கிறோம்.

பதற்றம் நம்மிடம் மட்டும் இருந்ததன்று. 1999இல் அமெரிக்காவின் கொலராடோவில் தேவாலயப் போதகர் ஒருவர் பிள்ளைகளின் கண்ணெதிரே போக்கிமான் அட்டைகளைத் தீயிட்டு எரித்தார். 2016 செப்டம்பரில், போக்கிமான் கோ விளையாட்டின் முட்டைகள் கோயில்களில் தோன்றுவதாகக் கூறிக் குஜராத் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுக்கப்பட்டது. எல்லாச் சமயத்தாரும் தத்தம் அச்சத்தை இந்தப் பிராணிகளின் முதுகில் ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் பிறரிடமும் அப்பிழை உண்டு என்பது நமக்குச் சமாதானம் ஆகாது. செய்தியொன்று வந்தால் தீர விசாரியுங்கள் என்னும் கட்டளை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில் நமக்கு அருளப்பட்டிருக்கிறது. கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற நபிமொழிக் கருத்தை மிம்பர்களிலிருந்து கேட்டே வளர்ந்திருக்கிறோம்.

2020ஆம் ஆண்டை மறந்துவிட்டோமா? டில்லி தப்லீக் மாநாட்டை வைத்து, கொரோனாவைப் பரப்பியவர்கள் நாம்தான் என்று கைப்பேசிக்குக் கைப்பேசி அவதூறு பறந்தது. காய்கறி விற்கும் நம் எளிய சகோதரனைத் தெருவுக்குள் விட மறுத்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கருதி வழக்குகளை ரத்துசெய்தது. விசாரியாமல் அனுப்பப்பட்ட செய்தியின் கொடுமையை உடலால் அனுபவித்த சமூகம், இன்னொரு மக்களின் பெயரால் புனையப்பட்ட பொய்யை விசாரியாமல் அனுப்பலாமா? ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதி தவறத் தூண்டிவிட வேண்டாம் என்னும் அல்மாயிதாவின் 8ஆம் வசனம், நமக்குப் பிடித்தவர்களுக்காக மட்டும் இறங்கியதா?

இங்கே சிலர், 2001இல் சவூதி அரேபிய அறிஞர் குழு தந்த ஃபத்வாவைச் சுட்டுவர். அந்நாட்டில் அப்போது போக்கிமான் அட்டைகளும் விளையாட்டும் தடைசெய்யப்பட்டது உண்மை. அறிஞர்களை இகழ்வது எம் நோக்கமன்று. அந்த ஃபத்வா பல காரணங்களைக் கூறியது. அறுகோண நட்சத்திரம் முதலிய சின்னங்கள் ஒன்று, பரிணாமம் மற்றொன்று. மூன்றாவதாக ஒன்றும் அதில் இருந்தது: அட்டைகளை வைத்துப் போட்டியிட்டுப் பொருளை இழப்பதும் ஈட்டுவதும் சூதாட்டத்தை ஒத்தது என்பது. நாம் என்ன செய்தோம்? நட்சத்திரத்தையும் டார்வினையும் ஊரெங்கும் பரப்பினோம். சூதாட்டம் என்ற சொல்லை மட்டும் சத்தமில்லாமல் உதிர்த்துவிட்டோம். ஏன்? முதலிரண்டும் எவரோ தொலைதூரத்தில் செய்யும் சூழ்ச்சியைப் பற்றியவை. மூன்றாவது, நம் சட்டைப்பையிலிருந்து நாமே எடுத்துக் கொடுக்கும் பணத்தைப் பற்றியது.

காலத்தின் போக்கையும் காணுங்கள். 2025 மார்ச்சில் போக்கிமான் கோ உள்ளிட்ட விளையாட்டுகளை 350 கோடி டாலருக்கு வாங்குவதாக ஸ்கோப்லி நிறுவனம் அறிவித்து, சில மாதங்களில் வாங்கியும் முடித்தது. ஸ்கோப்லியின் உரிமையாளர் சாவி கேம்ஸ். சாவியின் உரிமையாளர் சவூதி அரசின் பொது முதலீட்டு நிதியம். அந்தப் பழைய ஃபத்வாவை இன்றும் அனுப்பிக்கொண்டிருக்கும் சகோதரருக்கு இச்செய்தி எட்டவில்லை போலும்.

இனி, மூடிய பொட்டலத்திற்கு வருவோம்.

போக்கிமான் அட்டைகள் பொட்டலமாகவே விற்கப்படுகின்றன. 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த முதல் தொகுப்பில் ஒரு பொட்டலத்துக்கு 11 அட்டைகள். உள்ளே இருப்பவை எவையென்று பிரிக்கும்வரை தெரியாது. பிள்ளை விரும்புவது சாரிசார்டை. கையில் வருவதோ ஏற்கெனவே வைத்திருக்கும் அட்டை. எனவே இன்னொரு பொட்டலம், அதன்பின் மற்றொன்று. அவ்வாண்டே சான் டியாகோவில் பெற்றோர் சிலர், இது பிள்ளைகளுக்கான சூதாட்டமே என்று வழக்குத் தொடுத்தனர். இத்தகைய வழக்குகள் அங்கே நிற்கவில்லை. ஆசைக்கும் ஓர் எல்லை நிற்கவில்லை. அந்த முதல் தொகுப்பின் முதற்பதிப்புச் சாரிசார்ட் அட்டை ஒன்று 2022 மார்ச்சில் 4,20,000 டாலருக்கு, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போயிற்று. இதைக் கேள்விப்படும் சிறுவனுக்கு அட்டை ஒரு விளையாட்டுப் பொருளாக இருக்குமா, லாட்டரிச் சீட்டாக இருக்குமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கடைகளில் பத்து இருபது ரூபாய்க்குப் போலிப் பொட்டலங்கள் தொங்குகின்றன. அஸருக்குப் பின் அடுக்குமாடி வாசல்களில் அவற்றைப் பந்தயம் வைத்துப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். தோற்றவன் அட்டையை இழக்கிறான். கைப்பேசியிலோ பொட்டலத்துக்குக் காகிதம்கூடத் தேவையில்லை. 2024 அக்டோபரில் வெளிவந்த போக்கிமான் அட்டைச் செயலி, நாளொன்றுக்கு இரண்டு பொட்டலங்களை இலவசமாகத் தருகிறது. முதல் தொகுப்பின் பொட்டலங்களுள் ஒன்றின் முகப்பில் சாரிசார்டே வீற்றிருக்கிறது. விரலால் கிழிப்பதுபோல் திரையில் இழுத்தால் ஐந்து அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. காத்திருக்கப் பொறுமையில்லையா, பணம் கட்டு. பழக்கம் இலவசம், அடங்காமைக்கு மட்டும் விலை.

பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில், சில வீடியோ விளையாட்டுகளில் விற்கப்படும் இத்தகைய மர்மப் பெட்டிகளைச் சூதாட்டமே என்று தீர்மானித்தது. தமிழக அரசு 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை விதித்தது. ரம்மியில் சம்பாத்தியத்தைத் தொலைத்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைப் படித்து நாம் உச்சுக்கொட்டினோம். அந்த ரம்மிக்காரனின் விரல் முதன்முதலில் பழகியது எதில் என்று எண்ணிப் பார்த்தோமா?

மார்க்கத்தின் அளவுகோல் இதில் தெளிவானது. சூதாட்டம் பகைமையை விதைத்து, இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கிறது என்று அல்மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் எச்சரிக்கின்றன. பொருள் இன்னதென்று தெரியாத 'கரர்' வணிகத்தை நபிகளார் தடுத்தார்கள். நீருக்குள் இருக்கும் மீனை விற்பதை இதற்கு எடுத்துக்காட்டாக ஃபிக்ஹு நூலோர் கூறுவர். இதை விளக்கக் கொட்டிவாக்கம் குப்பத்தைவிட நல்ல பாடசாலை உண்டா? படகு கரையேறி, மீன் மணலில் கொட்டப்பட்ட பிறகே அங்கே விலை பேசப்படுகிறது. இழுக்காத வலைக்கு எந்தத் தாயும் காசு கொடுப்பதில்லை. அதே தாய், பிரிக்காத பொட்டலத்துக்குப் பிள்ளையின் அழுகையை அடக்கக் காசு கொடுக்கிறாள்.

ஆகவே, சகோதரர்களே, நெருப்புப் பல்லியை விட்டுவிடுங்கள். மழையில் நனைந்தால் வால்நெருப்பு அணைந்து உயிர் போய்விடுமே என்று சார்மாண்டருக்காகக் கலங்கும் பிள்ளையின் நெஞ்சில் இரக்கம் சுரக்கிறது. அதைக் கெடுக்க வேண்டாம். கையிலுள்ள அட்டையை இன்னோர் அட்டைக்கு, இருவரும் கண்டு, மனமொப்பி மாற்றிக்கொண்டால் அது பண்டமாற்று. வேண்டிய அட்டையைப் பார்த்து, விலை கேட்டு வாங்கினால் அது வணிகம். மூடிய பொட்டலத்திலும், தோற்றவன் இழக்கும் பந்தயத்திலும்தான் கோடு போட வேண்டும். அக்கோட்டை எங்கே போடுவது என்ற நுணுக்கத்தை உங்கள் மஹல்லாவின் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியுங்கள்; வாட்ஸப்பிடம் கேட்காதீர்கள். பாங்கு ஒலித்த பின்னும் பிள்ளையின் விரல் திரையை விட்டு எழவில்லையானால், கண்டிக்க வேண்டியது அந்தப் பழக்கத்தையே. பிராணியின் பெயரில் மந்திரம் தேடிக்கொண்டிருப்பதால் அவ்விரல் எழப்போவதில்லை.

நம் பிள்ளைகள் கூர்மையானவர்கள். 'பிக்காச்சு என்றால் யூதன்' என்று இன்று நாம் சொல்லும் பொய்யை நாளை அவர்களே ஒரு நொடியில் தேடிக் கண்டுபிடிப்பார்கள். அன்றைக்கு, 'சூதாட்டம் ஹராம்' என்று நாம் சொல்லும் மெய்யையும் அந்தப் பொய்யோடு சேர்த்தே எறிந்துவிடுவார்கள். மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் பொய், மார்க்கத்துக்கே செய்யும் துரோகம்.

உண்மையை உண்மையாகக் காட்டி அதைப் பின்பற்றவும், பொய்யைப் பொய்யாகக் காட்டி அதை விட்டு விலகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.