வ.உ.சி. பிறந்த வீட்டின் சுவர் பேசட்டும்!

ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு இன்று சர்க்கார் நினைவில்லம். 1872 செப்டம்பர் 5 அன்று அவர் பிறந்தபோது அவ்வூர் நெல்லை ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த வீட்டைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் சுண்ணாம்பு அடித்து, படத்துக்கு மாலை போட்டால் போதுமா?

கப்பலோட்டினார், செக்கிழுத்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தொழிலாளியோடு நின்றதை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். வெள்ளை முதலாளி பணிந்தான். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மார்ச் 12 அன்று இருவரும் கைதாயினர். மறுநாள் நெல்லை கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். கோரல் மில் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர், இம்முறை தம் தலைவருக்காக!

இது பழங்கதை அல்ல, தோழர்களே! 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்திலேயே நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்த பிறகே, மே தினத்தன்று வாபஸ் அறிவிக்கப்பட்டது.

எனவே நாம் கோருவது இதுதான்: அவ்வீட்டின் முதல் சுவரில் கோரல் மில் போராட்டமும் நெல்லையில் மாண்ட நால்வரும் இடம்பெற வேண்டும். மில் தொழிலாளியும், தாமிரவருணிப் பாசன வயலில் நடவு நடும் பெண்ணும் தம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்ல வேண்டும். அந்த வீட்டில் நமக்கும் பங்குண்டு!