பாடகர் வயலுக்குத் திரும்பிய கதை



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றிருந்தபோது, இளம் தாய் ஒருவர் தம் எட்டு வயது மகளை என்னிடம் அழைத்து வந்தார். "ஐயா, பாப்பாவுக்குப் பியானோ கத்துக்கணும்னு ஆசைங்க. நம்ம சபையில சொல்லித் தர்றவங்க இருக்காங்களாங்க?" என்று கேட்டார். நான் யோசியாமல் ஒரு சகோதரியின் பெயரைச் சொன்னேன். அருகில் நின்ற பாடகர் குழுச் சகோதரர் தயங்கித் தயங்கி, "அவங்க க்ளாஸ நிறுத்திட்டாங்களே ஐயா, ஜூன் மாசமே" என்றார்.

ஐந்து மாதங்களாக அது எனக்குத் தெரியாது. பதினெட்டு ஆண்டுகளாகத் திவான் பகதூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில், தம் வீட்டு முன்னறையில் அமர்ந்து நம் பிள்ளைகளுக்குப் பியானோ கற்பித்தவர் அவர். நம் பாடகர் குழுவில் சுரம் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர்களுள் பாதிப் பேர் அந்த முன்னறையில் கற்றவர்களே. அவர் இப்போது ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார்.

மறுநாள் மாலை அவருடைய வீட்டிற்குச் சென்றேன். உடல்நலக் குறைவோ குடும்பக் காரணமோ இருக்கும் என்று எண்ணிச் சென்ற எனக்கு அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. நான் வற்புறுத்தியபின் ஒரு நீள வருகைக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பெயர் சொல்லி எவரையும் குறைகூறவில்லை. "நீங்களே பாருங்கய்யா" என்றதோடு காப்பி போட உள்ளே போய்விட்டார்.

மாணவர் 22 பேர். மாதக் கட்டணம் தலைக்கு 2,000 ரூபாய். காகிதத்தில் இது 44,000 ரூபாய் வருமானம். பக்கங்களைப் புரட்டினேன். மார்ச்சில் கட்டணம் செலுத்தியவர் 9 பேர், ஏப்ரலில் 6 பேர், மே மாதத்தில் 4 பேர். ஆண்டுத் தேர்வு, பிறகு விடுமுறை, பிறகு ஊட்டி, பிறகு பாட்டி வீடு. தீபாவளி மாதத்தில் இரண்டு வாரம் வராததற்காகப் பாதிக் கட்டணம். காலாண்டுத் தேர்வு மாதத்திலும் அப்படியே. சில பெயர்களுக்கு எதிரே, "நீட் கோச்சிங், நிறுத்தம்" என்று சிறிய எழுத்தில் இருந்தது. நிறுத்துவதாக முன்கூட்டிச் சொன்னவர் மிகச் சிலர். பலர் வராமல் இருந்தே தெரிவித்திருந்தார்கள்.

இந்தப் பெற்றோர் தீயவர்களல்லர். அவர்களுள் பலரை நீங்கள் அறிவீர்கள். பலர் இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். பிள்ளை வகுப்புக்குப் போகவில்லை, ஆகவே பணம் எதற்கு என்று நியாயமாகவே நினைத்திருப்பீர்கள். ஆனால் நீங்கள் வாங்கியது என்ன என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி என்பது உங்கள் பிள்ளைக்காக அவர் ஒதுக்கிவைத்த நேரம். அந்த நேரத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்க அவரால் முடியாது. கொடுத்துவிட்டால் நீங்கள் ஜூனில் திரும்பி வரும்போது இடமிருக்காது. பிள்ளை வராத அந்த ஐந்து மணிக்கும் அவர் வாசற்கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.

மே மாதம் பள்ளி மூடியிருக்கிறது என்று எந்தப் பள்ளிக் கட்டணத்திலாவது ஒரு மாதத்தைக் கழித்துக்கொள்கிறோமா? ஷட்டில் கோர்ட்டில் மாதச் சந்தா கட்டிவிட்டு, பத்து நாள் போகவில்லை என்று பணத்தைத் திருப்பிக் கேட்கிறோமா? அங்கெல்லாம் கேட்கத் துணியாததை, முன்னறையில் தனியாக அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் கேட்கிறோம். அவரிடம் ரசீதுப் புத்தகமோ அலுவலக மேலாளரோ இல்லை. "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிடுவார் என்பது நமக்குத் தெரியும். அவருக்கு வருங்கால வைப்பு நிதி கிடையாது, சம்பளத்தோடு கூடிய விடுப்பும் கிடையாது. அந்தப் பியானோவில் 88 கட்டைகளும் ஏறத்தாழ 230 தந்திகளும் உள்ளன. பிள்ளைகள் வந்தாலும் வராவிட்டாலும் வானிலைக்கேற்ப அவை தளர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கு இருமுறை சுருதி சேர்க்க வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டும். அந்தச் செலவும் அவருடையதே.

வேதத்தில் இதற்கு நேரான ஒரு பகுதி உண்டு. நெகேமியா 13ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். நெகேமியா சிறிது காலம் எருசலேமைவிட்டு அர்தசஷ்டா ராஜாவிடம் போயிருந்தான். திரும்பி வந்து பார்த்தால், தேவாலயத்தில் பாட வேண்டியவர்களைக் காணவில்லை. லேவியரும் பாடகரும் ஆளுக்கொரு திசையாகத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போயிருந்தார்கள். காரணம் பத்தாம் வசனத்தில் இருக்கிறது: அவர்களுக்குச் சேரவேண்டிய பங்கு கொடுக்கப்படவில்லை. அவர்கள் பக்தியில் குறைந்துபோகவில்லை. பாட்டை வெறுக்கவுமில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டியிருந்தது. நம் சகோதரி ஜவுளி நிறுவனக் கணக்குக்குப் போனதும் இப்படித்தான்.

அந்த அதிகாரத்தில் இன்னொரு செய்தி ஐந்தாம் வசனத்தில் ஒளிந்திருக்கிறது. பாடகருக்கான தானியத்தையும் திராட்சரசத்தையும் எண்ணெயையும் சேர்த்துவைத்திருந்த பெரிய அறையை, ஆசாரியன் எலியாசிப் தனக்கு உறவான தொபியாவுக்குத் தங்குமிடமாக ஒழித்துக் கொடுத்துவிட்டான். ஆகவே ஆலயத்தில் இடமில்லாமல் போகவில்லை; இடம் வேறொருவருக்குப் போயிற்று. நம் சபைகளின் வரவுசெலவுத் திட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறை நினைவுக்கு வருகிறது. ஒலிபெருக்கிக்கும் மேடை விளக்குக்கும் தாராளமாக ஒதுக்குகிறோம். வாசிக்கிறவருக்கு என்று ஒரு வரி இருக்கிறதா?

நெகேமியா பாடகர்களைக் கூட்டி, "ஏன் ஓடிப்போனீர்கள்?" என்று கண்டிக்கவில்லை. அதிகாரிகளைக் கண்டித்தான். பின்பு பாடகர்களை அவரவர் நிலையில் நிறுத்தி, பங்கு ஒழுங்காய்ப் போய்ச் சேரும்படி நம்பிக்கையான பொக்கிஷக்காரரை நியமித்தான். உபதேசத்தோடு நிற்காமல் நிர்வாகத்தையும் திருத்தினான்.

ஆயர்களாகிய எங்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். தசமபாகத்தைப் பற்றிய மல்கியா 3:10ஐ ஆண்டுக்கு ஒருமுறையாவது பிரசங்கிக்காத ஆயர் அரிது, நானும் விலக்கல்ல. அதற்கு ஐந்து வசனம் முன்னால், மல்கியா 3:5இல், கூலிக்காரனுடைய கூலியைப் பிடித்துக்கொள்பவர்களுக்கு விரோதமாகக் கர்த்தர் தாமே சாட்சியாக நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வசனத்தில் நான் ஒருமுறையும் பிரசங்கித்ததில்லை.

இசை தேவன் தந்த வரமாயிற்றே, அதற்கு விலை பேசலாமா என்று சிலர் கேட்பதுண்டு. இலவசமாய்ப் பெற்றதை இலவசமாய்க் கொடுக்கும்படி ஆண்டவர் சொன்னதை மத்தேயு 10:8இலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். இரண்டு வசனம் தாண்டிப் பத்தாம் வசனத்துக்கு வாருங்கள். வேலை செய்கிறவன் தன் ஆகாரத்துக்குத் தகுதியுள்ளவன் என்று சொன்னவரும் அதே ஆண்டவரே. மேலும், பிறவியில் வந்தது காது மட்டும். விரல்களுக்கு வந்த பயிற்சி நாள்தோறும் பல மணி நேர உழைப்பில் வந்தது. 1 நாளாகமம் 25இல் தாவீது ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகியோரின் புத்திரரைப் பாட்டுக்கென்று பிரித்து வைத்தான். தேர்ச்சி பெற்றவர் தொகை 288. அவர்கள் 24 முறைகளாகப் பிரிக்கப்பட்டபோது, கற்பித்தவரும் கற்றவரும் ஒன்றாகவே சீட்டுப் போட்டுக்கொண்டார்கள். ஆராதனை இசை கற்பிக்கப்படுகிறது என்பதை வேதம் அறிந்திருக்கிறது.

ஆலய இசைக்கு மகுடமென்று நாம் கொண்டாடும் பாக், லைப்சிக் நகரின் புனித தோமா ஆலயத்தில் 1723 முதல் இறக்கும்வரை இசைப் பொறுப்பில் இருந்தார். 1730இல் தம் பழைய பள்ளித் தோழர் எர்ட்மானுக்கு எழுதிய கடிதத்தில், தமக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 700 தாலர் வருவதாகவும், அடக்க ஆராதனைகள் கூடினால் அது கூடுவதாகவும், ஊரில் காற்று நன்றாக இருந்துவிட்டால் குறைந்துபோவதாகவும் குறைபட்டுக்கொண்டார். முந்தைய ஆண்டு ஜனங்கள் போதிய அளவு சாகாததால் 100 தாலருக்கு மேல் நஷ்டமாம்! சிரிப்பு வருகிறது. ஆனால் ஒரு பெரிய குடும்பத்தின் தலைவர் அடுத்த மாத வருமானம் எவ்வளவு என்று தெரியாமல் எழுதிய வரிகள் அவை. நம் சகோதரிக்கு மார்ச் மாதம் எப்படியோ, பாக்குக்கு நல்ல காற்று அப்படி.

நம் நாட்டிலேயே பாருங்கள். 1968இல் சென்னைக்கு வந்த இளையராஜாவுக்கு மேற்கத்திய இசையைக் கற்பித்தவர் தன்ராஜ் மாஸ்டர். ஏ.ஆர். ரகுமானும் அவரிடம் கற்றவரே. அவர் ஒரு கல்லூரியை நடத்தவில்லை. மயிலாப்பூரில் ஒரு விடுதி அறையில் பாடம் சொன்னவர். தமிழகம் முழுவதும் கேட்ட இசையின் வேர் ஒரு தனி ஆசிரியரின் சிறிய அறைக்குள் இருந்தது. இத்தகைய அறை ஒன்று மூடப்படும்போது செய்தித்தாளில் வராது. ஆயருக்கே ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிய வருகிறது.

சான்றிதழ் மோகத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். டிரினிட்டி தேர்வில் 100 மதிப்பெண்ணில் மூன்று இசைத் துண்டுகளுக்கு மட்டும் 66. தேர்ச்சிக்கு 60 போதும். 87 எடுத்தால் டிஸ்டிங்ஷன். ஐந்தாம் கிரேடு வரை, பார்த்தவுடன் வாசிக்கும் பயிற்சியைத் தேர்ந்தெடுக்காமலே தேர்வு எழுதலாம். தேர்வில் குற்றமில்லை. ஆனால் தேர்வுக்கு நான்கு மாதம் முன்னால் பிள்ளையைச் சேர்த்து, "அந்த மூணு பீஸ் மட்டும் போதும் டீச்சர்" என்று சொல்லி, சான்றிதழ் வந்ததும் நிறுத்திவிடுகிற வழக்கத்தில் குற்றமுண்டு. ஐந்தாம் கிரேடு முடித்த பிள்ளைகள் நம் சபையில் உண்டு. ஞாயிறன்று ஒரு ஞானப்பாட்டை நான்கு குரலிலும் பார்த்து வாசிக்கச் சொன்னால் அவர்கள் தலைகுனிகிறார்கள். அதைக் கற்பிக்க அந்த ஆசிரியருக்கு நாம் நேரமே தரவில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பணத்தைப் பற்றி வாய்திறந்து பேசக் கூச்சப்படுவது நம் பழக்கம். சேர்க்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: பன்னிரண்டு மாதமும் கட்டணம் உண்டா, தவறிய வகுப்புக்கு மாற்று வகுப்பு எத்தனை, நிறுத்துவதென்றால் எத்தனை வாரம் முன்னால் சொல்லவேண்டும் என்று. உண்மையாகவே செலுத்த இயலாத குடும்பம் இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். அந்தப் பிள்ளையின் கட்டணத்தைச் சபை கொடுக்கவேண்டும். ஏழைக்கு இரங்குகிற புண்ணியம் நமக்கும், அதன் செலவு ஆசிரியருக்கும் என்று இருக்கக்கூடாது.

இனி நான் மறைக்கக் கூடாத ஒன்று. என் மகள் அவரிடம் நான்கு ஆண்டு கற்றாள். அப்போது கட்டணம் 1,600 ரூபாய். சேர்க்கும் நாளில், "ஊழியக்காரர் பிள்ளை, பாத்துப் போட்டுக்குங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே பாதியாக்கினார். மே மாதங்களில் அந்தப் பாதியையும் கொடுக்கவில்லை. டிசம்பர்தோறும் மூன்று வாரம் கேரல் பயிற்சிக்குத் தினமும் மாலை வந்து கீபோர்டு வாசித்தார். அந்த மாலைகளில் தம் வீட்டு வகுப்புகளை ரத்து செய்துவிட்டுத்தான் வந்தார் என்பது அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் பொன்னாடை போர்த்தி, கேக் கொடுத்து, கைதட்டி அனுப்பினோம்.

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான்கு ஆண்டில் கொடுக்கவேண்டியது 76,800 ரூபாய். கொடுத்தது 35,200. மீதி 41,600. கேரல் மாலைகளைப் பற்றி அடுத்த வாரம் கூடும் சபைக் கமிட்டியின் நிகழ்ச்சிநிரலில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாசிப்பவருக்கான ஊதியம் இவ்வாண்டு முதல் தனி வரியாக வரவேண்டும் என்று கேட்பேன். மகளுடைய கட்டணம் என் சொந்தக் கடன். அதை வியாழக்கிழமை ஓர் உறையில் போட்டு எடுத்துச் சென்றேன்.

"எதுக்குங்கய்யா இதெல்லாம், பழைய கதைங்க" என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. உறையைப் பிரித்து, நோட்டுகளை எனக்கு முன்பாகவே இருமுறை எண்ணினார். பிறகு அந்தக் குறிப்பேட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தேதியும் தொகையும் என் மகளின் பெயரும் எழுதிக் கையொப்பமிட்டு என்னிடம் நீட்டினார். பியானோவின்மேல் பூப்போட்ட போர்வை கிடந்தது. "வர்ற மாசம் ட்யூன் பண்ற ஆளை வரச் சொல்லலாமான்னு யோசிக்கிறேனுங்க" என்றார்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்