முகமலர்ந்து

“முகமலர்ந்து வரவேற்றாள்” என்னும் தொடருக்குப் பொருள் எழுதச் சொன்னால், “சிரித்துக்கொண்டே வரவேற்றாள்” என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குத் தாவிவிடுகிறோம். அந்த விடை போதாது என்பது எங்கள் கருத்து.

இலக்கணப்படி ‘மலர்ந்து’ என்பது வினையெச்சம். வரவேற்ற விதத்தைக் கூறுவதால் அது இங்கே வினையடையின் வேலையையும் செய்கிறது. இதே பொருளில்தான் நாம் பேச்சுவழக்கில் “ஜோவியலாகப் பழகுவார்” என்கிறோம். அந்த ஆங்கிலச் சொல், ரோமானியரின் தெய்வமான ஜோவின் பெயரிலிருந்து பிறந்தது. அத்தெய்வத்துக்குரிய கோள் வியாழன். வியாழன் ஆதிக்கத்தில் பிறந்தவர் கலகலப்பானவர் என்பது ஐரோப்பியச் சோதிடரின் பழைய நம்பிக்கை. அப்படியானால் சிடுமூஞ்சிகள் தப்பித்துக்கொள்ளலாமே! தமிழ்ச் சொல்லோ கோளைப் பார்க்கவில்லை, பூவைப் பார்த்தது. பூ உள்ளிருந்து மலர்வது. விரலால் பிரித்தால் கசங்கிவிடும்.

முகம் மலர்ந்து இன்சொல் கூறுவது, மனமுவந்து பொருள் கொடுப்பதைவிட நல்லது என்று ‘இனியவை கூறல்’ அதிகாரத்தில் சொன்ன வள்ளுவரே, முகம் மட்டும் மலர்வது நட்பாகாது என்று ‘நட்பு’ அதிகாரத்தில் எச்சரிக்கிறார். எச்சரிக்கை எங்களுக்குத்தான்!

இவ்வாண்டு எங்கள் வகுப்பில் வெளியூர் மாணவி ஒருத்தி சேர்ந்தாள். முதல் நாள் மதியம், வேப்பமரத்தடியில் வட்டமாக அமர்ந்திருந்த எங்களிடம் சாப்பாட்டு டப்பாவுடன் வந்தாள். “வா, வா” என்று எல்லாரும் சிரித்தோம். ஆனால் ஒருவரும் நகர்ந்து இடம் விடவில்லை. சற்று நின்றவள், “தண்ணீர் பிடிக்க வேண்டும்” என்று சொல்லிப் போய்விட்டாள். மறுநாள் முதல் வகுப்பறையிலேயே தனியாகச் சாப்பிட்டாள்.

சில நாட்கள் கழித்துத் தமிழம்மா, ‘முகமலர்ந்து’ என்னும் சொல்லை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னார்கள். “தோழியர் புதியவளை முகமலர்ந்து வரவேற்றனர்” என்று எழுதிவிட்டு நிமிர்ந்தோம். கடைசி பெஞ்சில் அவளும் எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் வாக்கியத்துக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. வாங்கவே கூச்சமாக இருந்தது.

அன்று மதியம் அவளை அழைத்து வந்து, நகர்ந்து இடம் விட்டோம். அவள் கலகலவென்று பேசப் பல நாட்கள் ஆயின; அது எங்களால் வந்த தாமதம்.

தோழியரே! வீட்டு வாசலில் நிற்கும் விருந்தினரிடமும், நம் வகுப்பைப் பெருக்கும் ஆயாம்மாவிடமும் சிரிப்பதற்கு நமக்குத் தெரியும். அதோடு சற்று நகர்ந்து இடமும் விடுவோம். அப்போதுதான் ‘முகமலர்ந்து’ என்னும் சொல்லின் பொருள் நிறைவு பெறும்.

— பத்தாம் வகுப்பு மாணவி