கடைத்தேங்காய் யாருடையது?

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் தன் பே ஸ்லிப்பை நமக்குக் காட்டினார். நிறுவனத்தின் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் காட்டினார். பி.எஃப்., தொழில் வரி, மருத்துவக் காப்பீடு என்று வரிசையாகப் பிடித்தங்கள். கடைசி வரியில் 'சமூகப் பங்களிப்பு – ரூ.300'. இதற்கு எப்போது சம்மதித்தீர்கள் என்று கேட்டோம். அவருக்கே நினைவில்லை. பழைய மின்னஞ்சல்களைத் துழாவியதில் போன அக்டோபரில் எச்.ஆர். அனுப்பிய ஒன்று அகப்பட்டது. இணைப்பைத் தட்டினால் ஒரு படிவம். படிவத்தின் அடியில் ஒரு சிறிய பெட்டி. அந்தப் பெட்டியில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்தார்கள். வேண்டாம் என்பவர் ஐந்து நாளுக்குள் டிக்கை எடுத்துவிட்டு, காரணத்தையும் எழுதி, தன் மேனேஜருக்கும் ஒரு நகல் அனுப்ப வேண்டுமாம். வேலை நெருக்கடியில் அவர் அந்த மின்னஞ்சலைத் திறக்கவேயில்லை. பத்து மாதமாகத் தனக்கே தெரியாமல் கொடையாளியாக இருக்கிறார்.

இதை வன்மையாகக் கண்டிக்கிறோம். இந்த ஒரு நிறுவனத்தை மட்டுமல்ல, இதே வழக்கத்தை வைத்திருக்கும் எல்லா நிறுவனங்களையும்.

கொடுப்பதில் நமக்குக் குறை ஒன்றுமில்லை. சம்பளத்திலிருந்து மாதம் நூறோ இருநூறோ தொண்டு அமைப்புகளுக்குப் போகும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஒரு செல்வந்தர் மனமிரங்கி என்றோ ஒருநாள் தரும் பெருந்தொகையைவிட, ஐந்நூறு பேர் மாதாமாதம் தரும் நூறு ரூபாய் ஒரு சிறிய அமைப்புக்குப் பெரிய தெம்பு. அடுத்த மாத வாடகை கட்டலாம், களப்பணியாளருக்குச் சம்பளம் போடலாம் என்கிற நிச்சயம் அதில்தான் வரும். அப்படிப்பட்ட ஏற்பாட்டைக் கட்டாயப் பிடித்தமாக்கி, பிறகு அதையே நிறுவனத்தின் பெருமையாக மாற்றிக்கொள்வதுதான் நம் கோபத்துக்குக் காரணம்.

'வேண்டாமென்றால் சொல்லியிருக்கலாமே' என்பது எச்.ஆர். தரப்பின் வாதம். சம்மதம் அப்படி வேலை செய்வதில்லை. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் பின்னால் சேர்த்த பிரிவு ஒன்று, பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்குப் பிடிப்பதென்றால்கூடத் தொழிலாளியின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும் என்றது. மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை என்று சட்டப் பிரிவினர் கைகாட்டக்கூடும். குறைந்த சம்பளக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், கூடுதல் சம்பளக்காரரின் பையில் கேட்காமல் கையை விடலாம் என்பதா உங்கள் வாதம்?

அரசுகளும் இந்தத் தவறைச் செய்து குட்டுப்பட்டிருக்கின்றன. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு தன் ஊழியர்களிடம் ஒரு மாதச் சம்பளம் கேட்டது. கேட்டதில் தவறில்லை, மாநிலமே தண்ணீரில் நின்ற நேரம். ஆனால் தர இயலாதவர் தமக்குச் சம்மதமில்லை என்று எழுதித் தர வேண்டும் என்றது ஆணை. உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனைக்குத் தடை விதித்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனபோது, அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. கொடுக்க முடியவில்லை என்று ஒருவர் ஏன் எழுதிக் கொடுத்துத் தன்னைத் தானே அவமானப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் நீதிபதிகள் எழுப்பிய கேள்வி. அப்படியும் பாடம் படியவில்லை. 2020 ஏப்ரல் 17-ஆம் தேதி மத்திய வருவாய்த் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. பி.எம். கேர்ஸ் நிதிக்கு மாதம் ஒரு நாள் சம்பளம், அடுத்த ஆண்டு மார்ச் வரை. ஆட்சேபம் உள்ளவர் ஊழியர் எண்ணைக் குறிப்பிட்டு 20-ஆம் தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஊரடங்கின் நடுவில் மூன்று நாள் அவகாசம். நம் வாசகரின் எச்.ஆர். ஐந்து நாள் தந்திருக்கிறார்கள். தாராள மனசு!

சரி, பணம் எடுத்த விதம் போகட்டும். அது எங்கே போகிறது?

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 2 முதல் 8 வரை 'தான் உத்சவ்' என்ற கொடைத் திருவிழா நடக்கிறது. 2009-இல் வேறு பெயரில் தொடங்கி, இப்போது பெரிய அலுவலகங்களில் ஆயுத பூஜைக்கு அடுத்தபடி களைகட்டும் விழா இதுதான். வாசகர் தன் போனில் இருந்த ஒரு படத்தைக் காட்டினார். வரவேற்பறையில் அட்டையில் வெட்டிய மரம், அதன் கிளைகளில் கயிறு கட்டித் தொங்கும் வண்ணச் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு குழந்தையின் ஆசை: ஸ்கூல் பேக், கிரிக்கெட் மட்டை, கலர் பென்சில், நீல நிறத்தில் ஒரு ஃபிராக். ஊழியர்கள் சீட்டைப் பறித்து, பொருளை வாங்கித் தருவார்கள். மரத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படத்தின் ஓரத்தில் சாம்பல் நிறச் சீருடையில் ஓர் அம்மா, மாப்பை ஊன்றியபடி நிற்கிறார். இவர்கள் நகர்ந்தால்தான் அவர் தரையைத் துடைக்க முடியும்.

அவர் கண்ணகி நகரிலிருந்து வருகிறவர். ஆறு வருடமாக அதே தளத்தைத் துடைக்கிறார். அதற்குள் காண்ட்ராக்டர் மூன்று முறை மாறிவிட்டார். முதல் இரண்டு பேர் பிடித்த பி.எஃப். எங்கே போனது என்று யாரிடமும் பதில் இல்லை. வாசகர் இதை நம்மிடம் சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்த மரத்தில் 'எங்க அம்மாவோட பி.எஃப். பணம்' என்று ஒரு சீட்டு தொங்கியிருந்தால் அதை யார் பறித்திருப்பார்கள்?

கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் தானாக முளைத்த ஊர்கள் இல்லை. கூவம், அடையாறு கரைகளிலும் நகரத்தின் நடுவிலும் குடியிருந்தவர்களை அப்புறப்படுத்திக் கொண்டுவந்து வைத்த இடங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஒரு பெரிய அலையே பெரும்பாக்கத்துக்கு வந்தது. ஓ.எம்.ஆரின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு வேண்டிய காவலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் சமையலாட்களும் இங்கிருந்துதான் ஷேர் ஆட்டோ ஏறுகிறார்கள். இவர்களுக்காக மறுகுடியேற்ற வழக்குகளில் ஆஜராகிற, நின்றுபோன பி.எஃப்.புக்கு மனு எழுதுகிற, புகார் கொடுக்கப் போகும் பெண்ணோடு மகளிர் காவல் நிலையத்துக்குத் துணைக்குப் போகிற சிறு அமைப்புகள் இதே பகுதியில் இருக்கின்றன. வாடகை அறையில், இரண்டு மேசையும் ஒரு பழைய பிரின்டரும் வைத்துக்கொண்டு நடத்துகிறார்கள்.

வாசகரின் படிவத்தில் பன்னிரண்டு அமைப்புகளின் பெயர் இருந்தது. மரம் நடுதல், கண் சிகிச்சை, மதிய உணவு, நோட்டுப் புத்தகம், தெருநாய்ப் பராமரிப்பு. எல்லாம் வேண்டியவைதான், ஒன்றையும் நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மேலே சொன்ன வகை அமைப்பு ஒன்றுகூட அதில் இல்லை. பத்து கிலோமீட்டர் சுற்றளவில் வேலை செய்யும் அமைப்பும் ஒன்றுகூட இல்லை.

நீதிக்காக நிற்கும் ஓர் அமைப்பால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். சாக்கடைக்குள் இறங்கி இறக்கிறவர்களின் பிணத்தைத் தூக்கிவிட்டு, குடும்பத்துக்கு அரிசி மூட்டை கொடுத்து அனுப்புவதுதான் நெடுநாள் வழக்கம். துப்புரவுத் தொழிலாளர்களின் இயக்கமான சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் 2003-இல் உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டது. பதினோரு ஆண்டு நடந்த வழக்கு. 2014 மார்ச் 27 அன்று தீர்ப்பு வந்தது: 1993 முதல் அப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய். 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. கையுறையும் போர்வையும் வாங்கித் தரும் எந்தத் திட்டமும் இதைச் செய்திருக்காது. அந்தப் பதினோரு ஆண்டும் வழக்குக் கட்டும், ரயில் டிக்கெட்டும், ஜெராக்ஸும் யாரோ செலவழித்துத்தான் நடந்தன.

இப்படிப்பட்ட அமைப்புகளை நிறுவனங்கள் பட்டியலில் சேர்க்காததற்கு, 'அதெல்லாம் அரசியல், எங்களுக்கு எதற்கு வம்பு' என்பதுதான் உண்மையான காரணம். வெளியே சொல்லும்போது 'சட்டம் இடம் தராது' என்பார்கள். இது பொய். நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலேயே சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கிய பிரிவினர் சந்திக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் பணி இடம்பெற்றிருக்கிறது. தான் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 135-ஆவது பிரிவு சொல்கிறது. அரசியல் என்ற வகையில் விலக்கி வைத்திருப்பது கட்சிகளுக்குத் தரும் நன்கொடையைத்தான். அதிலும் இவையெல்லாம் நிறுவனத்தின் பணத்துக்கான விதிகள். ஊழியர் தன் சம்பளத்திலிருந்து தருவதற்கு ஏழாவது அட்டவணை எதற்கு?

அமெரிக்காவிலும் இதே சாக்கைச் சொன்னார்கள். அங்கே மத்திய அரசு ஊழியர்களிடம் சம்பளத்தின் வழியாகக் கொடை திரட்டும் இயக்கத்திலிருந்து, உரிமைகளுக்காக வழக்கு நடத்தும் அமைப்புகளை 1983-இல் அதிபர் ரீகன் ஆணை போட்டு நீக்கினார். பள்ளிகளில் நிறவெறிப் பிரிவினையை நீதிமன்றத்தில் உடைத்த என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் பாதுகாப்பு நிதியமும் அதில் அடக்கம். அதை எதிர்த்த வழக்கு 1985-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அரசின் பக்கம் சாய்ந்தது. பிறகு சில ஆண்டுகளிலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் தலையிட்டு அந்த அமைப்புகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அங்கே குறைந்தபட்சம் ஓர் ஆணை இருந்தது, எதிர்த்து வழக்குப் போட முடிந்தது. இங்கே பட்டியலை யார் போட்டார்கள், எதை வைத்துப் போட்டார்கள் என்று ஊழியருக்கே தெரியாது.

இன்னொரு ஜாலம், 'நீங்கள் ஒரு ரூபாய் தந்தால் நாங்களும் ஒரு ரூபாய் தருவோம்' என்ற வாக்குறுதி. கேட்க இனிக்கும். அந்த ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துப் பாருங்கள். நிகர மதிப்பு, விற்றுமுதல், லாபம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் சட்டம் சொல்லும் வரம்பைத் தாண்டிய நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டே ஆக வேண்டும். நடந்துகொண்டிருக்கும் திட்டத்துக்கு ஒதுக்கியது தவிர மிச்சம் வைத்தால், நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் சட்டம் சொல்லும் நிதிகளில் கட்டிவிட வேண்டும். ஆக, அந்தக் கணக்கிலிருந்துதான் ஜோடி ரூபாய் வருகிறதென்றால், நீங்கள் தந்தாலும் தராவிட்டாலும் அது வெளியே போக வேண்டிய பணம். ஊழியரின் கொடையையும் சட்டத்தின் கட்டாயத்தையும் சேர்த்து ஒரே பெரிய காசோலையாக அடித்து, முதன்மை அதிகாரி மேடையில் பிடித்து நிற்கிறார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று இதற்குத்தான் பெயர்.

வரிச்சலுகை விஷயத்திலும் நேர்மை இல்லை. நம் வாசகருக்கு வந்த மின்னஞ்சலில் '80ஜி பிரிவின் கீழ் வரிவிலக்கு உண்டு' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறைதான் தானாக அமலாகும் முறை. தனிநபருக்கு அதில் அந்தச் சலுகை கிடையாது. பழைய முறையைக் கேட்டு வாங்கியவருக்கு மட்டுமே உண்டு. சம்பளக் கணக்கை ஒவ்வொரு மாதமும் போடுகிற அலுவலகத்துக்கு இது தெரியாதா?

திருத்திக்கொள்ள வேண்டியவை கடினமானவை அல்ல. ஏற்கெனவே போட்ட டிக்குடன் படிவம் வரக் கூடாது. கொடுப்பவர் தானே டிக் போடட்டும், கொடுக்காதவர் காரணம் எழுத வேண்டாம், யார் கொடுத்தார் என்ற விவரம் மேனேஜரின் மேசைக்குப் போகவே கூடாது. அப்ரைசல் கையில் இருக்கிற ஆளிடம் அதைத் தருவது மிரட்டலுக்குச் சமம். தெரியாமல் பிடித்த பணத்தைக் கேட்டவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும். பட்டியலை ஊழியர்களும் சேர்ந்து முடிவு செய்யட்டும். முறையாகப் பதிவு செய்து கணக்குக் காட்டும் எந்த அமைப்பின் பெயரையும் எழுதிக்கொள்ளக் காலியிடம் இருக்கட்டும். ஜோடி ரூபாய் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பதைப் படிவத்திலேயே அச்சிடட்டும். காண்ட்ராக்ட் பணியாளர்களின் பி.எஃப். கட்டப்பட்டிருக்கிறதா என்று முதன்மை முதலாளி என்கிற முறையில் நிறுவனமே பார்த்துச் சொல்லட்டும். இந்தக் கடைசி வேலைக்குக் கொடைத் திருவிழாவே தேவையில்லை, காண்ட்ராக்டரிடம் செலான் கேட்டால் போதும்.

அக்டோபர் 2-க்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த ஆண்டுக்கான படிவம் எச்.ஆர். கணினியில் தயாராகிக்கொண்டிருக்கும். அனுப்புவதற்கு முன் அந்தச் சிறிய பெட்டியைக் காலியாக்குங்கள். வரவேற்பறையில் மரம் வைப்பதானால், சாம்பல் சீருடை அம்மாவைக் கூப்பிட்டு அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதையும் ஒரு சீட்டில் எழுதித் தொங்கவிடுங்கள்.