பொன்னாடை பிறகு, பஸ் காசு முதலில்



நமது பாடசாலை ஆரம்பப் பிரிவு சதுரங்க அணி வலய மட்டத்தில் முதலிடம் எடுத்த செய்தியைப் போன வாரம் எல்லோரும் பகிர்ந்தீர்கள், வாழ்த்தினீர்கள். அல்ஹம்துலில்லாஹ். பிள்ளைகளின் முகத்தில் அந்தச் சந்தோஷம் இன்னும் போகவில்லை. அது அடங்குவதற்குள் சில விடயங்களைப் பேசிவிட வேண்டும் என்று அணிக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்கள் நாங்கள் நினைக்கிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்கிறோம். மூன்று வருடங்களுக்கு முன் எங்களிடம் இருந்தது இரண்டு பலகைகள். ஒன்றில் ஒரு கறுப்புச் சிப்பாய் காணாமல் போய், அந்த இடத்தில் சோடா மூடிதான் நின்றது. இன்றைக்கு முதலாம் பலகையில் ஆடும் பிள்ளை அந்தச் சோடா மூடியை ராணியாக்கித்தான் முதல் ஆட்டத்தை வென்றாள். அணியில் ஆறு பேர். ஒருவரின் வாப்பா கரைவலைக்குப் போகிறவர். ஒருவரின் உம்மா வெளிநாட்டில், பிள்ளை வளர்வது உம்மும்மாவிடம். மற்றவர்களின் வீட்டு நிலையும் உங்களுக்குத் தெரியும், எல்லோரும் நம் தெருப் பிள்ளைகள்தான். போட்டிக்கு வந்த பெரிய பாடசாலைகளில் சம்பளத்துக்கு வைத்த பயிற்றுவிப்பாளர்கள் இருந்தார்கள். எங்களிடம் இருந்தது செவ்வாயும் வியாழனும் பாடசாலை விட்ட பிறகு அஸர் வரைக்கும் ஒரு வகுப்பறை, கைபேசியில் இறக்கிய ஒரு செஸ் மணிக்கூடு, அதிபர் தந்த அனுமதி.

இப்போது பிரச்சினைக்கு வருகிறோம். செய்தி வந்த அடுத்த நாளே மூன்று காரியங்கள் நடந்தன.

ஒன்று, பிள்ளைகளுக்குப் பொன்னாடை போர்த்தி விழா எடுக்கப் போவதாகவும், சந்தியில் பெனர் கட்டப் போவதாகவும் சில சகோதரர்கள் சொன்னார்கள். இரண்டு, மாகாணப் போட்டிக்குப் போக வேன் கூலிக்கு என்ன வழி என்று கேட்டபோது, அதே கூட்டத்தில் அமைதி. மூன்று, முதலாம் பலகைப் பிள்ளையின் உம்மா பாடசாலைக்கு வந்தார். "சேர், இவ இந்த வருசம் அஞ்சாம் ஆண்டு. ஸ்கொலர்சிப் இரிக்கி. இதால புள்ளி கூடுமா? கூடாட்டி நிப்பாட்டுவம்" என்றார்.

அந்தத் தாயின் கேள்விக்கு முதலில் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். அவர் கேட்டதில் பிழையில்லை. புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தால் நல்ல பாடசாலைக்குப் போகலாம், வருமானம் குறைந்த குடும்பத்துக்கு உதவிப்பணமும் கிடைக்கும். இல்லாத வீட்டில் அது சின்ன விடயமல்ல.

"செஸ் ஆடினால் கணிதம் வரும், மூளை வளரும்" என்று எங்களிலும் பலர் சொல்லிப் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறோம். அப்படிச் சொன்னது அவசரம். இங்கிலாந்தில் 100 ஆரம்பப் பாடசாலைகளில், 4,000 பிள்ளைகளுக்கு மேல் வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று செய்தார்கள். 2016இல் முடிவு வந்தது. பாதிப் பாடசாலைகளில் நமது ஐந்தாம் தரப் பிள்ளைகளின் வயதுள்ளவர்களுக்கு ஒரு வருடம் சதுரங்கம் படிப்பித்து, அதற்கடுத்த வருடம் கணிதப் பரீட்சையில் பார்த்தார்கள். செஸ் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. ஆகவே அந்த உம்மாவிடம் நாங்கள் சொன்னது இதுதான்: "புள்ளி கூடும் என்று எங்களால் வாக்குத் தர ஏலாது."

அப்படியென்றால் ஏன் ஆட வேண்டும்? நாங்கள் கண்ணால் கண்டதைச் சொல்கிறோம். நமது பிள்ளைகளுக்குப் பரீட்சையில் புள்ளி வரும், விடைத்தாள் திரும்பி வராது. எங்கே பிழைத்தது என்று தெரியாமலே "நான் மக்கு" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சதுரங்கத்தில் ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதுகிறோம். தோற்ற பிறகு அந்தத் தாளை வைத்து ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். போன வருடம் தோற்றவுடன் பலகையைத் தட்டிவிட்டு ஓடிய ஒரு மகன், இந்த முறை மூன்றாம் சுற்றில் தோற்றுவிட்டு, எதிரிக்குக் கைகொடுத்துவிட்டு வந்து, "சேர், பதினாலாம் நகர்வுலதான் பிழை. குதிரைய எடுத்திருக்கப்படா" என்றான். தன் பிழையைத் தானே கண்டுபிடித்து, வெட்கப்படாமல் சொல்கிற ஒரு பத்து வயதுப் பிள்ளை. அதற்கு எந்தப் பரீட்சையில் புள்ளி போடுவது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அதன் பெறுமதி தெரியும்.

இது நாங்கள் கண்டுபிடித்த முறையல்ல. அமெரிக்காவில் நியூயோர்க் புரூக்ளினில் ஐ.எஸ். 318 என்று ஓர் அரசாங்கப் பாடசாலை. 6ஆம் தரம் முதல் 8ஆம் தரம் வரை. பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வறிய குடும்பங்கள். ஆனால் அமெரிக்கத் தேசிய மட்டச் சதுரங்கப் பட்டங்கள் இருபதுக்கு மேல் அந்தப் பாடசாலையிடம் இருந்தன. 2012இல் தங்களைவிட மூத்த உயர்தரப் பாடசாலை மாணவர்களுக்கான தேசியப் போட்டியிலும் வென்றார்கள். நடுநிலைப் பாடசாலை ஒன்று அதை வென்றது அதுவே முதல் தடவை. அவர்களின் அப்போதைய ஆசிரியை எலிசபெத் ஸ்பீகல், போட்டி நாட்களில் ஒவ்வொரு சுற்றும் முடிய ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து ஆட்டத்தை முதலில் இருந்து ஓட்டிப் பார்ப்பவர். வென்றாலும் பார்ப்பார், தோற்றாலும் பார்ப்பார். அங்கே சதுரங்கம் பாடசாலை நேரசூசியில் இருந்தது. வறிய பிள்ளைகள் வென்றது அதிசயத்தால் அல்ல. நேரமும் ஆசிரியரும் ஒழுங்காகக் கிடைத்தன, அவ்வளவுதான்.

அந்தப் பாடசாலையைப் பற்றி 2012இல் 'புரூக்ளின் காசல்' என்று ஒரு விவரணப் படம் வந்தது. அதில் எங்கள் மனதில் தைத்தது வெற்றிகள் அல்ல. இத்தனை பட்டம் எடுத்த பாடசாலைக்கே அரசாங்கம் காசை வெட்டுகிறது, போட்டிகளுக்குப் போக வழியில்லாமல் பிள்ளைகளும் பெற்றோரும் பணம் திரட்ட ஓடுகிறார்கள். வென்ற அணிக்கும் பஸ் காசு தானாக வராது. அமெரிக்காவிலும் வராது, நம் ஊரிலும் வராது.

இன்னொரு பிள்ளையின் கதையும் சொல்ல வேண்டும். நைஜீரியாவில் போகோ ஹராம் பயங்கரவாதிகளுக்குப் பயந்து நியூயோர்க்குக்கு ஓடிவந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பம். வீடில்லாதோர் தங்கும் விடுதியில் இருந்தார்கள். மகன் தானி அடெவூமி, பக்கத்தில் இருந்த ஆரம்பப் பாடசாலையில் படித்தான். பாடசாலைச் சதுரங்கக் கழகத்தில் சேர ஆசைப்பட்டான், ஆனால் கட்டணம் இருந்தது. தாய் நிலைமையை எழுதிக் கேட்டார். கட்டணத்தை விட்டுக்கொடுத்தார்கள். விடுதித் தரையில் படுத்துக்கொண்டு ஆடிப் பழகிய அந்தப் பிள்ளை, ஆடத் தொடங்கி ஏறத்தாழ ஒரு வருடத்தில், 2019 மார்ச்சில், ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் தன் வயதுப் பிரிவில் நியூயோர்க் மாநிலச் சம்பியன் ஆனான். அப்போது அவனுக்கு 8 வயது. செய்தி பத்திரிகையில் வந்ததும் உலகமெங்கும் இருந்து இரண்டு இலட்சம் டொலருக்கு மேல் காசு வந்து சேர்ந்தது. இருக்க வீடும் கிடைத்தது.

எல்லோரும் அந்த இரண்டு இலட்சத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எங்களுக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கட்டணம். அதை விட்டுக்கொடுத்த நாளில் தானி யாரென்று ஒருவருக்கும் தெரியாது. வெல்வான் என்றும் தெரியாது. ஆசைப்பட்டு நின்ற ஒரு பிள்ளை, அவ்வளவுதான். அந்த முதல் உதவி இல்லாவிட்டால் பிறகு வந்த எதுவும் இல்லை.

நம் ஊரில் கொடுக்கும் மனது குறைவு என்று நாங்கள் சொல்லவில்லை. வெள்ளம் வந்தபோது பார்த்தோம். ஆனால் பிள்ளைகள் விடயத்தில் நாம் வென்றவனுக்குக் கொடுக்கிறோம். வெல்லும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். ஒரு பெனருக்குப் போகும் காசில் பலகைகள் வாங்கலாம். ஒரு விழாவுக்குப் போகும் காசில் ஆறு பிள்ளைகளும் மாகாணத்துக்குப் போய் வரலாம்.

"இந்த விளையாட்டு கூடுமா?" என்றும் சிலர் கேட்டீர்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல. இதில் அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு இருக்கிறது. தொடங்குவதற்கு முன்னரே ஊர் உலமாக்களிடம் கேட்டோம். பந்தயம் இருக்கக்கூடாது, தொழுகை தவறக்கூடாது என்றார்கள். இரண்டையும் பேணுகிறோம். அஸர் பாங்கு சொன்னால் எந்த ஆட்டமும் நிற்கும். அப்பாஸியர் கால பக்தாதில் அஸ்-ஸூலி போன்றவர்கள் இந்த ஆட்டத்தைப் பற்றி நூலே எழுதினார்கள் என்பதையும், 'செக்மேட்' என்ற சொல்லே 'ஷாஹ் மாத்' என்ற பாரசீகச் சொல்லில் இருந்து வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

இனி நாம் என்ன செய்யலாம்?

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் கேட்பது: போட்டிக்குப் போகும் செலவுக்கு வருடத் தொடக்கத்திலேயே ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். ஒவ்வொரு முறையும் கடைசி நாளில் வீடு வீடாகப் போய்க் கேட்கும் நிலை வேண்டாம். பிள்ளைகளுக்கு முன்னால் அப்படிக் கேட்பது அவர்களையும் கூனிக் குறுக வைக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிமாரிடம் கேட்பது: பொன்னாடைக்கு வைத்த காசில் பலகையும் ஒரு நல்ல மணிக்கூடும் வாங்கித் தாருங்கள். பெயர் போட வேண்டுமென்றால் பலகையின் பின்பக்கத்தில் போடுகிறோம்.

பெற்றோரிடம் கேட்பது: ஐந்தாம் ஆண்டு என்பதற்காக முற்றாக நிறுத்தாதீர்கள். அந்த உம்மாவோடு பேசி, பரீட்சை முடியும் வரை வாரத்தில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம் என்று முடிவெடுத்தோம். அவர் சம்மதித்தார். பிள்ளை பெரிதானதும் "பொம்புளப் புள்ளைக்கி இதெல்லாம் எதுக்கு" என்று சொல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. நம் அணியின் முதலாம் பலகை அவள்தான், மறந்துவிடாதீர்கள்.

எங்களுக்கு நாங்களே சொல்வது: இந்த ஆறு பேரோடு நின்றுவிடக்கூடாது. இவர்கள் அடுத்த வருடம் வேறு பிரிவுக்கும் வேறு பாடசாலைக்கும் போய்விடுவார்கள். இரண்டாம், மூன்றாம் தரத்துப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு ஆட்டம் பார்க்கிறார்கள். அவர்கள் ஒருவரும் இன்னும் எதையும் வெல்லவில்லை. நமது உதவி போய்ச் சேர வேண்டிய இடம் அந்த ஜன்னல்தான்.

செவ்வாய், வியாழன் நாட்களில் லுஹருக்குப் பிறகு யாரும் வரலாம். வாப்பாமார், நானாமார், விழா எடுக்க நினைத்த சகோதரர்கள் எல்லோரும் வாருங்கள். ஒரு பிள்ளையோடு ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். அநேகமாகத் தோற்பீர்கள். கவலைப்பட வேண்டாம், எந்த நகர்வில் பிழைத்தது என்று அவர்களே காட்டித் தருவார்கள்.