ஆட்டம் இல்லாத ஆட்டப்பாட்டு

1745இல் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியில் ஒரு பிடில் போட்டி. நடுவர் ஜான் மக்ரா, கண் பார்வை இல்லாதவர். முகம் பார்த்து மார்க் போட வழியே இல்லை. பரிசு நீல் கௌ என்ற 18 வயதுப் பையனுக்குப் போனது. நூறு பேர் வாசித்தாலும் இவன் வில் போடும் கையைத் தனியாகச் சொல்லிவிடுவேன் என்று மக்ரா சொன்னதாகக் கதை உண்டு. அப்படியானால் வாசிப்பது யார் என்று அவருக்குத் தெரிந்துதானே இருந்திருக்கும்? பாரபட்சத்தைத் தடுக்கக்கூடிய ஏற்பாடு அங்கேயே படுத்துவிட்டது.

ஆனாலும் மக்ரா கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறார். பாலுசாமி தீட்சிதர் காலத்திலிருந்து வயலினில் இடது கையின் கமகத்துக்குத் தலையாட்டிப் பழகியவர்கள் நாம். ஸ்காட்லாந்து பிடிலில் சங்கதி வலது கையில் இருக்கிறது. அவர்களுக்கே உரிய ஸ்ட்ராத்ஸ்பே என்ற நடன மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு எண்ணிக்கைத் தாளம். ஒரு பொடி சுரம் வெடுக்கென்று முன்னால் விழும், நீண்ட சுரம் அதன் முதுகில் ஏறி உட்காரும். அடுத்த நொடியே வரிசை தலைகீழாகும். வில்லை வெட்டி நிறுத்தி, மறுபடி தள்ள வேண்டும். வில் மேல்நோக்கிப் போகும்போது பலருக்கு ஒலி சோர்ந்துவிடும். கௌவுக்கு அந்த இழுப்பில்தான் பலம் என்று அந்தக் காலத்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பலம் ஆடுகிறவர்களின் காலுக்காக உண்டானது. அத்தோல் பிரபுக்கள் கௌவை ஆதரித்தது தங்கள் விருந்துகளிலும் நடனங்களிலும் வாசிப்பதற்காக. டேவிட் ஆலன் 1780இல் தீட்டிய கல்யாண ஓவியத்தில் அவர் பிடிலோடும், சகோதரர் டொனால்ட் செல்லோவோடும் உட்கார்ந்திருக்க, எதிரே ஜோடிகள் ஆடுகிறார்கள்.

அதே அத்தோல் பிரபுக்களின் பிளேர் கோட்டை நடன மண்டபத்தில், சுவரெல்லாம் மான் கொம்புகளுக்கு நடுவே, ரேபர்ன் வரைந்த கௌவின் படம் மாட்டியிருக்கிறது. கிளென்ஃபிடிக் விஸ்கிக்காரர்கள் 1989இல் தொடங்கிய பிடில் போட்டி அந்த மண்டபத்துக்குத்தான் வந்தது. மற்ற போட்டிகளில் ஜெயித்தவர்களை மட்டும் அழைத்து நடத்துவது. மண்டபத்தின் பெயரில் நடனம் இருக்கிறது; வந்தவர்களோ நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

என் சண்டை இதோடுதான். அணிநடைக்கான மார்ச், ஸ்ட்ராத்ஸ்பே, வேக நடனத்துக்கான ரீல் மூன்றையும் இடைவெளியில்லாமல் கோத்து வாசிப்பது இந்தப் போட்டிகளின் வழக்கம். மூன்றும் காலுக்குப் பிறந்தவை, ஆனால் அரங்கில் ஒரு காலும் அசையாது. ஆடுகிறவர் இல்லாத இடத்தில் ரீலின் வேகம் யாருக்குக் கட்டுப்படும்? விரல் எட்டும் மட்டும் ஓடும்.

இந்த மாற்றத்தில் பெரிய பங்கு ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னருக்கு. 1843இல் பான்கரியில் பிறந்தவர். வேடிக்கை, அவர் நடன வாத்தியார். ஸ்ட்ராத்ஸ்பேயைக் கச்சேரி மேடையில் ஏற்றி அதன் ராஜா என்று பட்டமும் வாங்கினார். 1926இல், எண்பதைத் தாண்டிய வயதில், ஒரு போட்டிக்காக அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்குக் கப்பலேறினார். பியானோக்காரரோடு ஒத்துப்போகவில்லை, மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் காலைத் திருத்தியவருக்குத் தாளம் பிசகினால் பொறுக்குமா?

போட்டியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஸ்ட்ராத்ஸ்பே மாதிரிக் கடினமான சரக்கை இளசுகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து அரைப்பதற்குப் பரிசு என்ற தூண்டில் வேண்டியிருக்கிறது. ஆனால் மெட்டைச் சாகாமல் காப்பாற்றியது வேறு கூட்டம். எடின்பரோவில் 1881இலேயே ஸ்ட்ராத்ஸ்பே, ரீல் வாசிப்பதற்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். இப்படிப்பட்ட சங்கங்களில் ஏகப்பட்ட பிடில்கள் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கும். சற்றே சுருதி விலகினாலும் பக்கத்துப் பிடில் மூடிவிடும். ஷெட்லாந்து தீவுகளில் இன்சூரன்ஸ் வேலையாக அலைந்த டாம் ஆண்டர்சன், போன இடத்திலெல்லாம் கிழவர்களிடம் மெட்டுக் கேட்டுப் பதிவு செய்தார். பிற்பாடு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பிடில்காரர் அலி பெய்ன் அவரிடம் படித்தவர்தான். கௌ வாழ்ந்த இடத்தை ஒட்டிய டன்கெல்ட், பெர்னம் ஊர்களில் 2004 முதல் அவர் பெயரிலேயே விழா எடுக்கிறார்கள்.

போட்டி நடத்துகிறவர்களுக்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு. கடைசிச் சுற்றில் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, நாலு ஜோடிகளை இறக்கி ஆடவிடுங்கள். வேகம் தாங்காமல் கால் தடுக்கினால் வாசித்தவருக்கு மார்க்கைக் குறையுங்கள். மூச்சு வாங்கியும் இன்னொரு முறை என்று ஜோடிகள் கேட்டால் கூட்டிக்கொடுங்கள்.