நம்பர் மட்டும்தான் அசல்

தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்ற கறுப்பு-மஞ்சள் டாக்சிகளில் பெட்டியை டிக்கியில் வைக்க முடியாது. அங்கே காஸ் சிலிண்டர் படுத்திருக்கும். சென்னையிலிருந்து வந்து இறங்கிய மாமியின் ஊறுகாய் ஜாடி மடியில் ஏறும். இரும்புப் பெட்டி கூரை மேல் கேரியரில் ஏறும். மாட்டுங்காவுக்கோ செம்பூருக்கோ போய்ச் சேர்வதற்குள் அந்த வண்டியின் வரலாறு பயணிக்குப் புரிந்துவிடும். ஒரு கதவின் கைப்பிடி போல் இன்னொன்று இருக்காது. முன் சீட்டு ஒரு வண்டியுடையது, பின் சீட்டு வேறொன்றுடையது. எஞ்சின் எத்தனையாவது எஞ்சின் என்பது டிரைவருக்கே மறந்திருக்கும். அந்த வண்டியில் அசலாக எஞ்சியிருந்தது பெரும்பாலும் நம்பர் மட்டும்தான்.

அந்த டாக்சிகளின் கதை 2023 அக்டோபரில் முடிந்தது. மும்பையின் கடைசி பிரிமியர் பத்மினி டாக்சி தார்தேவ் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது 2003 அக்டோபர் 29 அன்று. டாக்சிகளுக்கு 20 வயதுதான் வரம்பு. எனவே அக்டோபர் 30-லிருந்து பத்மினி டாக்சி ஒன்றுகூட சட்டப்படி ஓட முடியாத நிலை. ஒரு வண்டியையாவது அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்று டாக்சி சங்கம் கோரியது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் பழைய டீசல் டபுள் டெக்கர் பஸ்களும் விடைபெற்றிருந்தன. நகரம் கொஞ்சம் கண் கலங்கிவிட்டு, வழக்கம்போல் லோக்கல் ரயில் பிடிக்கப் போய்விட்டது.

வண்டி போனது செய்தியானது. அதன் பாகங்கள் எங்கே போயின என்பது செய்தியாகவில்லை. உண்மையில் சுவாரசியமான கதை அதுதான்.

வால்சந்த் ஹிராசந்த் குழுமத்தின் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் தொடங்கியது 1944-ல். தாதரிலிருந்து சில கிலோ மீட்டர் தூரத்தில், குர்லாவில் அதன் தொழிற்சாலை. ஆரம்பத்தில் அமெரிக்க கிரைஸ்லர் நிறுவனத்தின் டாட்ஜ், பிளைமவுத் வண்டிகள். பிறகு இத்தாலிய ஃபியட். 1954-ல் ஃபியட் 1100 வந்தது. 1964-ல் அதன் 'டி' மாடல். அதே வண்டிக்கு 1970-களில் பத்மினி என்று பெயர் மாறியது. தமிழர்களுக்கு அந்தப் பெயர் நாட்டியப் பேரொளியை நினைவூட்டினாலும், கம்பெனி மனதில் இருந்தவர் சித்தூர் ராணி. 1,089 சிசி பெட்ரோல் எஞ்சின், பின் சக்கர இழுவை, பின்னால் பட்டை ஸ்பிரிங், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கியர் கம்பி. 2000 வாக்கில் உற்பத்தி நிற்கும்வரை அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவே இல்லை.

இந்த மாறாமைதான் பழைய பாகங்களின் வியாபாரத்துக்கு மூலதனம். 1960-களின் வண்டிக் கதவை 1980-களின் வண்டியில் பொருத்திப் பார்க்கத் துணிச்சல் வேண்டியதில்லை. கொஞ்சம் சுத்தியல் வேலை போதும். அதோடு லைசென்ஸ் ராஜ்யத்தில் புதுக் காருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1983 டிசம்பரில் மாருதி 800 வரும்வரை நடுத்தரக் குடும்பத்துக்கு அம்பாசிடரையும் பத்மினியையும் விட்டால் வேறு வழி அதிகமில்லை. இருக்கிற வண்டியை எப்படியாவது ஓட்டியாக வேண்டும். தேய்ந்த சிலிண்டரைப் போர் அடித்துப் பெரிய பிஸ்டன் போடுவது, உடைந்த ஷாஃப்ட்டை லேத்தில் கடைந்து எடுப்பது, ரேடியேட்டருக்கு ஈயம் வைப்பது என்று ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் இந்த நிர்ப்பந்தத்தில்தான் தொழில் கற்றார்கள்.

எஞ்சின்கூட மாறியது. 1990-களின் நடுவில் இத்தாலிய டீசல் எஞ்சின் வைத்த பத்மினியைக் கம்பெனியே விற்றது. பிறகு மும்பையின் புகையைப் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் தலையிட, 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் டாக்சிகள் சிஎன்ஜிக்கு மாறின. பெட்ரோலுக்காக இத்தாலியில் வரையப்பட்ட எஞ்சின், காஸ் குடித்துக்கொண்டு மேலும் பல ஆண்டுகள் தாதர் டிடி சர்க்கிளைச் சுற்றி வந்தது.

இதே வேலையை அமெரிக்காவில் செய்தவர்களுக்கு ஒரு கவர்ச்சியான பெயர் உண்டு: ஹாட் ராட். ஃபோர்டு கம்பெனி 1908 முதல் 1927 வரை தயாரித்த மாடல் டி கார்கள் ஒன்றரைக் கோடி. அவை காயலான் கடைக்கு வந்தபோது கலிஃபோர்னியா இளைஞர்கள் சல்லிசாக வாங்கினார்கள். மட்கார்டைக் கழற்றி எறிந்து எடையைக் குறைத்தார்கள். 1932-ல் வந்த ஃபோர்டின் வி8 எஞ்சினை இறக்கினார்கள். வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களின் கையில் எந்திர அறிவும் கொஞ்சம் காசும் இருந்ததால் இந்தப் பைத்தியம் நாடெங்கும் பரவியது. 1948-ல் அதற்கென்று ஒரு பத்திரிகையே தொடங்கியது. இன்று அங்கே பல மாநிலங்கள் இத்தகைய வண்டிகளுக்குத் தனிப் பதிவே தருகின்றன.

குர்லா மெக்கானிக்குக்கும் கலிஃபோர்னியா இளைஞனுக்கும் கைவேலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. நோக்கத்தில்தான் வித்தியாசம். ஒருவர் வண்டி நிற்காமல் ஓட வேண்டும் என்று பாகம் தேடினார். மற்றவர் பறக்க வேண்டும் என்று தேடினார்.

பறக்க ஆசைப்பட்டவர்கள் இங்கேயும் இருந்தார்கள். சென்னைக்கு அருகே சோழவரத்தில், உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஃபியட்டும் அம்பாசிடரும் உருமாறி ஓடின. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் இன்னும் ஒரு படி மேலே போனார். மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினைக் கொண்டு, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். சந்தைக்குப் போகும் காரின் எஞ்சின் பந்தயத்துக்குப் போன கதை அது. ஃபார்முலா மாருதி என்ற அந்த வகைக் காரில் தொடக்கத்தில் ஓட்டியவர்களில் ஒருவர் நாராயண் கார்த்திகேயன். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். 1995-ல் விமான விபத்தில் மறைந்த கரிவர்தன் அதைப் பார்க்கவில்லை. கோவையின் பந்தய மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பந்தய மைதானத்துக்குள் எதை எதோடு சேர்த்தாலும் போக்குவரத்து அலுவலகம் கேட்காது. சாலைக்கு வந்தால் கேட்கும். பழைய ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் எஞ்சினை மூன்று சக்கர வண்டியில் கட்டிய சென்னையின் 'மீன்பாடி' வண்டி, போலீசைக் கண்டால் சந்துக்குள் திரும்புவது அதனால்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. எரிபொருள் மாற்றம், மாற்றுத் திறனாளிகளுக்கான மாற்றம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் அனுமதியோடு வழி உண்டு. இந்தியச் சாலையில் ஹாட் ராட் என்பது பொழுதுபோக்கு அல்ல, குற்றம்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. வண்டி பறக்கவும் வேண்டாம், தினமும் ஓடவும் வேண்டாம். பிறந்தபோது இருந்தபடியே இருக்க வேண்டும் என்பவர்கள். தாதர் பார்சி காலனிக்காரர்களின் கார் பராமரிப்பைப் பற்றி மும்பையில் தெரியாதவர் கிடையாது. பழைய கார் விற்பனை விளம்பரங்களில் 'பார்சி ஓனர்' என்ற இரண்டு சொற்களுக்கே தனி விலை உண்டு. இவர்களைப் போன்றவர்களுக்காக 2021-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனம் என்று தனியாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் எடுத்துப் போகலாம். அன்றாடம் ஆபீசுக்கு ஓட்டக் கூடாது. 1974-ல் பதிவான பத்மினி இந்தத் தகுதியைத் தொட்டது 2024-ல்தான்.

டாக்சி டிரைவருக்கு எந்தப் பாகமாக இருந்தாலும் பொருந்தினால் சரி. பந்தயக்காரருக்கு வேகம் தந்தால் சரி. பழம்பெரும் வண்டிக்காரருக்கு அசலாக இருந்தால்தான் சரி. மூவரின் கொள்கையும் வேறு வேறு. ஆனால் மூவரும் போய் நிற்கும் கடை ஒன்றுதான். குர்லா சிஎஸ்டி சாலையின் பழைய சாமான் கடை, பேண்டி பஜாரை ஒட்டிய சோர் பஜார், சென்னை என்றால் புதுப்பேட்டை. கடைக்காரர் கையில் கேட்லாக் கிடையாது. கியர் பல்லை விரலால் தடவி, எந்த மாடல் என்று சொல்லிவிடுவார். அந்த அறிவு எந்தத் தொழிற்பயிற்சி நிலையத்திலும் பாடமில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. திருட்டு வண்டி சில மணி நேரத்தில் துண்டு துண்டாகிவிடும் இடம் என்ற கெட்ட பெயர் இந்தச் சந்தைகளுக்கு நெடுநாளாக உண்டு. எத்தனை கிலோ மீட்டர் ஓடியது என்று தெரியாத பிரேக் சிலிண்டரை வாங்கி மாட்டுவது, கதவுக் கைப்பிடியை மாட்டுவது போன்றதல்ல. ஒட்டுப்போட்ட வண்டியில் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நியாயமானது. கைப்பிடியையும் பிரேக்கையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

ஆனால் அரசின் விடை அவ்வளவு நுட்பமாக இல்லை. 2021-ல் அறிவிக்கப்பட்ட வாகன அழிப்புக் கொள்கைப்படி, பழைய வண்டியைப் பதிவு பெற்ற அழிப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதைக் காட்டினால் புது வண்டிக்குச் சலுகை. திருட்டுக்கும் மாசுக்கும் இது கடிவாளம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எடைக்குப் போகும் இரும்புக்கு மாடல் கிடையாது. கிரவுன் பினியன் என்று அடையாளம் கண்டு எடுத்து வைக்கப்பட்டால் அது பாகம். இல்லையென்றால் வெறும் கிலோ கணக்கு.

எடைக்குப் போனவற்றின் கடைசி நிறுத்தங்களில் ஒன்று தாதருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தாராவியின் 13-ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் பொடியாகிறது. தாராவிப் பட்டறைகளில் அலுமினியம் உருகிப் பாளமாகிறது. உடைந்த டேஷ்போர்டு நாளை பக்கெட்டாகலாம். அந்தக் கொட்டகைகளின் எதிர்காலமும் உறுதியாக இல்லை. 2022-ல் தாராவி மறுசீரமைப்பு ஏலத்தை அதானி குழுமம் வென்ற பிறகு, எந்தத் தொழில் உள்ளே இருக்கும், எது வெளியே போகும் என்பதுதான் அங்கே பெரிய கவலை.

கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அழிப்பு நிலையத்திலேயே நல்ல பாகத்தைச் சோதித்து, எந்த வண்டியிலிருந்து வந்தது என்று எழுதி, ரசீதோடு விற்கலாம். காயலான் கடைக்காரரின் விரல் அறிவுக்கு அங்கே ஒரு வேலை கொடுக்கலாம். திருடனுக்குச் சந்தை குறையும். பத்மினியை வைத்திருப்பவருக்குப் பாகம் கிடைக்கும். மெக்கானிக்கின் மகனுக்கும் ஒரு தொழில் மிஞ்சும்.

வண்டியை உடைத்துப் பதிவை ரத்து செய்யும்போது, சேசிஸ் எண் பொறித்த தகட்டை மட்டும் தனியே வெட்டி எடுத்து அதிகாரியிடம் கொடுப்பது வழக்கம். இத்தனை ஆண்டுகளில் கதவு, சீட்டு, எஞ்சின் எல்லாம் மாறிய வண்டியில், யாரும் மாற்றாத ஒரே பாகம் அதுதான். அலுவலகத்துக்கு வேண்டியதும் அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் யாராவது எங்கேயாவது இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.